நஷ்டத்துல விக்கணுமா, காத்திருக்கணுமா? - ஜெஸ்ஸி லிவர்மோர் வாழ்க்கை சொல்லும் பாடம்!

உங்க போர்ட்ஃபோலியோவுல ஒரு பங்கு பச்சையில இருக்கு, இன்னொண்ணு சிவப்புல இருக்கு. அவசரமா பணம் வேணும். எதை விப்பீங்க? பலரும் விற்பது பச்சையைத்தான். லாபம் பார்த்த திருப்தி கிடைக்கும். சிவப்பை, 'எப்படியும் ஏறிடும்' என்று வைத்துக்கொள்வார்கள். 100 வருடங்களுக்கு முன்பு வால் ஸ்ட்ரீட்டையே மிரளவைத்த ஜெஸ்ஸி லிவர்மோரும் ஒருமுறை இதையேதான் செய்தார். அதற்கு அவர் கொடுத்த விலை ரொம்பப் பெரிது.

கரும்பலகைப் பையன்

1877-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் லிவர்மோர். படிப்பை விட்டுட்டு வயல்ல இறங்கச் சொன்னார் அப்பா. அம்மா கொடுத்த கொஞ்சப் பணத்தோடு 14 வயதில் பாஸ்டனுக்குக் கிளம்பிவிட்டார் மகன். அங்கே ஒரு தரகு நிறுவனத்தில், பங்கு விலைகளைக் கரும்பலகையில் எழுதும் வேலை கிடைத்தது. எழுதிய விலைகளைத் தனியாக ஒரு நோட்டிலும் குறித்துவைத்து, ஏற்ற இறக்கத்தைக் கவனித்தார்.

அப்போது 'பக்கெட் ஷாப்' என்ற கடைகள் இருந்தன. அங்கே பங்கு எதுவும் கைமாறாது. விலை ஏறுமா, இறங்குமா என்று பந்தயம் மட்டும்தான். கட்டிய முன்பணம் அளவுக்கு விலை எதிராகப் போனால், அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. இன்று நாம் ஆப்பில் போடும் ஸ்டாப் லாஸ், அங்கே கட்டாயம்! லிவர்மோர் தொடர்ந்து ஜெயித்ததால், கடைக்காரர்கள் அவரை உள்ளேயே விடவில்லை.

நியூயார்க் போனார். 1901 மே மாதச் சரிவை அவர் சரியாகவே கணித்திருந்தார். ஆனால், நிஜப் பங்குச்சந்தையில் ஆர்டர் நிறைவேறத் தாமதமானது. அதற்குள் விலை எங்கேயோ போய்விட, கையில் இருந்ததெல்லாம் காலி.

பச்சையை விற்றார்... சிவப்பைப் பிடித்தார்!

1907 பீதியின்போது, விலை இறங்கும் என்று ஷார்ட் போயிருந்தார். அக்டோபர் 24 அன்று ஒரே நாளில் சுமார் 10 லட்சம் டாலர் லாபம். வங்கி முதலாளி ஜே.பி.மார்கன் தரப்பிலிருந்து, இனி விற்க வேண்டாம் என்று கோரிக்கை வருமளவுக்குப் பெரிய ஆள் ஆகிவிட்டார். அப்போது வயது 30.

அடுத்த ஆண்டே சறுக்கினார். பருத்தியில் பேர்போன ஒரு வியாபாரியின் பேச்சை நம்பிப் பருத்தி வாங்கினார். விலை இறங்கியது. நஷ்டத்தை வெட்டுவதுதான் அவருடைய வழக்கம். இந்த முறை வெட்டவில்லை. இறங்க இறங்க மேலும் வாங்கி 'ஆவரேஜ்' செய்தார். லாபத்தில் இருந்த கோதுமையை விற்றும் விட்டார். பருத்தி இன்னும் இறங்கியது, விற்ற கோதுமையோ ஏறியது. சேர்த்ததில் பெரும்பகுதி போனது. கடன் 10 லட்சம் டாலரைத் தாண்ட, 1915-ல் திவால் ஆனார்.

மறுபடி எழுந்தார். சட்டப்படி கட்ட வேண்டிய அவசியம் இல்லாதபோதும், பழைய கடன்களை 1917-ல் முழுசாக அடைத்தார். மனைவி பெயரில் ஒரு தொகையை, தானே நினைத்தாலும் தொட முடியாதபடி டிரஸ்ட்டில் போட்டுவைத்தார். தன் பலவீனம் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

'லாங் டேர்ம்' ஆன டிரேடிங்

1929 சரிவில் அவர் சம்பாதித்தது சுமார் 10 கோடி டாலர் என்று சொல்லப்படுகிறது. ஐந்தே ஆண்டுகளில், 1934-ல், மறுபடியும் திவால்.

1940-ல், டிரேடிங் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதினார். போட்ட பணத்தில் 10 சதவிகிதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. கணக்குப் போட்டால் காரணம் புரியும். 10% இழந்தால், மீள சுமார் 11% லாபம் போதும். 50% இழந்தால், 100% லாபம் வேண்டும்!

சீக்கிரம் விற்கலாம் என்று வாங்கிவிட்டு, விலை இறங்கியதும் 'லாங் டேர்ம்' என்று பெயர் மாற்றிக்கொள்பவர்களையும் அதில் எச்சரித்தார். அவர் காட்டிய உதாரணம், நியூ ஹேவன் ரயில்வே பங்கு. ரொம்பப் பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்பிய அந்தப் பங்கு, 1902-ல் 250 டாலருக்கு மேல் விற்றது. 1940-ல் வெறும் அரை டாலர்.

இத்தனையும் தெரிந்தவர்தான், தன் விதியைத் தானே மீறினார். மன அழுத்தத்தோடு நெடுங்காலம் போராடியவர், அதே 1940 நவம்பரில், 63 வயதில் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்டார்.

வாங்கும் முன்பே எழுதுங்க!

விலை இறங்கியபிறகு உட்கார்ந்து யோசித்தால், மனசு நமக்குச் சாதகமாகவே பேசும். அதனால், வாங்கும் முன்பே இரண்டு விஷயங்களை எழுதிவைக்கலாம். எதற்காக வாங்குகிறோம்? எந்த விலைக்குக் கீழே போனால் நம் கணிப்பு தப்பு?

நீண்டகால முதலீடு என்றால், விலை இறங்கியதற்காக மட்டும் விற்க வேண்டியதில்லை. வாங்கிய காரணம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் நஷ்டமானாலும் வெளியே வந்துவிடலாம். டிரேடிங் என்றால், எழுதிய விலை வந்ததும் விற்றுவிட வேண்டியதுதான். நஷ்டம் தூக்கத்தையே கெடுக்கிறது என்றால், அதை மனசுக்குள்ளேயே பூட்டிவைக்காமல் முதலில் வீட்டில் சொல்லிடுங்க!