பிரித்துப் பார்த்தவரின் பாடம்

கோவையில் மரச்சாமான் வடிவமைப்பு பயிலும் மாணவன் நான். சில மாதங்களுக்கு முன்பு கணினியில் ஒரு புத்தக அலமாரியை வடிவமைத்தேன். அலைபோல் வளைந்து செல்லும் அதன் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று காடி வெட்டிச் செருகப்பட வேண்டியவை. ஆணியோ பசையோ தேவையில்லை. திரையில் அது குறையின்றி நின்றது. பலகையை வெட்டிப் பொருத்தியபோதோ அலமாரி முழுவதும் ஆடியது. பட்டறையிலிருந்த மூத்த தச்சர் எதுவும் பேசாமல் வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பலகையின் விளிம்பில் வைத்துக் காட்டினார். 18 மி.மீ. என்று கடையில் விற்கப்பட்ட பிளைவுட் உண்மையில் 17 மி.மீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. நாற்பது காடிகளும் அந்த வித்தியாசத்தின் அளவுக்குத் தளர்ந்திருந்தன.

நான் பயில்வது அளவுருசார் வடிவமைப்பு. இதில் நாற்காலியையோ அலமாரியையோ கோடு கோடாக வரைவதில்லை. பலகையின் தடிமன், இருக்கையின் உயரம், வளைவின் ஆழம் ஆகியவற்றை எண்களாகக் கொடுத்து, அவற்றுக்கு இடையிலான உறவுகளை விதிகளாக அமைக்கிறோம். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த அனைத்தும் தாமாகவே மாறிக்கொள்ளும். 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ இந்த எண்ணத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. இன்று கிராஸ்ஹாப்பர் போன்ற மென்பொருள்கள் அதை மாணவர்களின் மடிக்கணினிக்கே கொண்டுவந்துவிட்டன. ஆனால், முதல் எண் பிழையாக இருந்தால் கணினி அந்தப் பிழையையும் அதே பணிவோடு எல்லாப் பகுதிகளுக்கும் பரப்பிவிடும். என் அலமாரிக்கு நேர்ந்தது அதுதான்.

அன்று மாலை அவிநாசி சாலை மேம்பாலத்தின் வழியே வீடு திரும்பியபோது, அந்தப் பாலம் தாங்கி நிற்கும் பெயர் மனதில் தங்கிவிட்டது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, பத்து கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் பெயர் ஜி.டி.நாயுடு மேம்பாலம். எங்கள் ஊரில் அந்தப் பெயரை அறியாதவர் இல்லை. அவர் எப்படிக் கற்றார் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள்தாம் குறைவு.

முந்நூறு ரூபாய்ப் பள்ளிக்கூடம்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. கிராமத்துப் பாதையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்டதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அந்த இளைஞரை விடவில்லை.

கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த கூலியைச் சேர்த்துவைத்து, அந்த மோட்டார் சைக்கிளை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதை முழுவதுமாகப் பிரித்துப் போட்டதுதான். பிறகு மீண்டும் பூட்டினார். அவருக்குக் கையேடு இல்லை, ஆசிரியர் இல்லை. எந்தத் திருகு எதைப் பிடித்திருக்கிறது, எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது, ஒன்று அரை நூல் தளர்ந்தால் மற்றொன்று என்னவாகும் என்பதைத் தம் விரல்களால் கற்றுக்கொண்டார். நாங்கள் இன்று திரையில் விதிகளாக எழுதும் உறவுகளை அவர் எண்ணெய்ப் பிசுக்கில் படித்தார் என்று சொல்லலாம். அந்த அறிவு அவரை மெக்கானிக்காக்கியது.

அதன் பிறகும் பாதை நேராக அமைந்துவிடவில்லை. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் சேர்த்தார். பம்பாய்ப் பஞ்சு வணிகத்தில் இறங்கி அதை இழந்தார். ஊர் திரும்பியவருக்குக் கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். 1920-ல் தவணை முறையில் ஒரு பேருந்தைப் பெற்று, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவே அதை ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து சில ஆண்டுகளில் யுனைடெட் என்றோ ராயல் என்றோ பெயர் சூடவில்லை. ‘யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ என்ற பெயரில் கொங்கு நாட்டின் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. கற்றவனுக்குக் கருவியும் கடனும் கொடுக்க ஒருவர் முன்வந்தார் என்பதையும் இந்த வரலாற்றில் மறந்துவிடக் கூடாது. தன்முயற்சியை மட்டும் புகழ்ந்து பேசும் மேடைகளில் ஸ்டேன்ஸின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

யாருக்கான வடிவம்?

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. கோவை பின்னாளில் மோட்டார், பம்புசெட் நகரமாக வளர்ந்ததன் தொடக்கப் புள்ளிகளுள் அதுவும் ஒன்று. மின்சாரச் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் மின்விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவருடைய பட்டியல் நீள்கிறது. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் காரை உருவாக்கினார்.

இந்தப் பட்டியலில் என்னைக் கவர்வது விலைதான். 1859-ல் வியன்னாவின் மைக்கேல் தோனெட் தமது 14-ஆம் எண் நாற்காலியை வடிவமைத்தபோது, அதை ஆறு மரத்துண்டுகளாகவும் பத்துத் திருகுகளாகவும் இரண்டு நட்டுகளாகவும் சுருக்கினார். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. சாதாரண மனிதர் வாங்கும் விலைக்கு நல்ல நாற்காலி வந்தது. நாயுடுவுக்கும் தோனெட்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால், ஒரு பொருளைப் பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் அதில் எது தேவை, எது மிகை என்பது விளங்கும் என்பதை இருவருமே மெய்ப்பித்தார்கள். நாங்கள் திரையில் வளைத்து மகிழும் அலைகளுக்கு எவ்வளவு பலகை வீணாகிறது என்று கணக்கிட்டுப் பார்த்த நாளில் எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

இரண்டு ஆண்டுகளா, நான்கா?

1945-ல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டதற்கு நாயுடுவின் கொடையும் முயற்சியும் காரணம். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. முதல்வர் பொறுப்பை ஏற்ற நாயுடு, நான்காண்டுப் படிப்பு நேர விரயம் என்றும் இரண்டு ஆண்டுகளே போதும் என்றும் வாதிட்டார். அரசு ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

இந்த வாதத்தில் நான் முழுமையாக அவர் பக்கம் நிற்க மாட்டேன். வளைபரப்புகளின் கணிதமும் பொருள்களின் வலிமை பற்றிய அறிவும் அவசரத்தில் வந்துவிடாது. அவரைப் போன்ற ஒருவரின் வேகத்தை எல்லா மாணவர்களுக்கும் அளவுகோலாக்குவதும் நியாயமாகாது. எனினும், ஆண்டுகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது: மாணவரின் கை எப்போது பொருளைத் தொடும்? மென்பொருள் சொல்லித்தரும் பல வகுப்புகளில் முதல் நாளே திரை திறக்கிறது. மரத்தின் இழையோட்டத்தை விரலால் தடவிப் பார்க்கும் நாள் கடைசிவரை வராமலும் போகலாம்.

நாயுடுவின் வாழ்க்கையில் என்னை அதிகம் வருத்துவது வேறொரு நிகழ்வு. அவருடைய மலிவு விலைக் காருக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. வரிக் கொள்கைகளோடும் அவர் ஓயாமல் மோதினார். ஒருகட்டத்தில் அந்தக் கொள்கைகளைக் கண்டித்து, தாம் உருவாக்கிய பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். கற்பதற்காக ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்து, மறுபடியும் பூட்டிய அதே கைகள், இனி பூட்டவே முடியாதபடி தம் படைப்புகளை உடைத்தன. அது அவருடைய பிடிவாதம் என்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால், ஒரு சமூகம் தன் கைவினைஞரை அந்த இடம்வரை தள்ளியது அந்தச் சமூகத்தின் இழப்பு. 1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார். இன்று மேம்பாலத்துக்குப் பெயர் சூட்டியிருக்கிறோம். அவிநாசி சாலையில் அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது. பெயர் சூட்டுவதைவிட அவர் கற்ற முறைக்கு வகுப்பறையில் இடம் கொடுப்பதே பெரிய மரியாதை.

அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வடிவமைப்பு பயில வரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்தில் ஒரு பழைய நாற்காலியையும் ஒரு திருப்புளியையும் ஒரு வெர்னியரையும் கொடுக்கலாம். பிரித்து, அளந்து, குறித்து, மீண்டும் பூட்டிய பிறகு கணினியைத் திறக்கச் சொல்லலாம். கொங்கு நாட்டின் பட்டறைகளில் இருக்கும் மூத்த தச்சர்களையும் ஃபிட்டர்களையும் கௌரவ ஊதியத்துடன் வகுப்பறைக்கு அழைக்கலாம். நாற்பது காடிகளின் பிழையை ஒரு நொடியில் கண்டுபிடித்தவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர்.

என் அலமாரியை நான் தூக்கி எறியவில்லை. அடுத்த பலகைகளை வாங்கியதும் ஒவ்வொன்றையும் நான்கு இடங்களில் அளந்து, அந்த எண்ணைக் கணினியில் இட்டேன். நாற்பது காடிகளும் ஒரே கணத்தில் திருந்தின. கருவியின் ஆற்றலை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். அந்த அலமாரி இப்போது எங்கள் வீட்டில் ஆடாமல் நிற்கிறது. அதன் அருகே, பாட்டனார் காலத்துச் சாய்வு நாற்காலி ஒன்று பிரித்துப்போட்டபடி கிடக்கிறது. இன்னும் பூட்டி முடிக்கவில்லை.