நீதிமன்ற வாசலில் காத்திருந்த கொர்னேலியா சொராப்ஜி

நமது பழைய மாணவியருள் சட்டத்தரணிகளாக விளங்குவோர் பலர். அவர்கள் கறுப்பு அங்கியுடன் நீதிமன்றத்தினுள் நுழைவதை இன்று எவரும் வியந்து நோக்குவதில்லை. அந்த வாசலில் ஒரு பெண்மணி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்து நின்றார்.

கொர்னேலியா சொராப்ஜி 1866ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நாசிக்கில் பிறந்தார். தந்தையார் பார்சி சமூகத்திலிருந்து கிறிஸ்தவராகிய போதகர். தாயார் பிரான்சினா பூனாவில் பாடசாலைகளை நிறுவியவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரி கொர்னேலியாவே. அவர் பெற்ற உயர் சித்திக்கு இங்கிலாந்து செல்லும் அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்திருக்க வேண்டும். பெண் என்பதால் மறுக்கப்பட்டது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் முதலிய அன்பர்கள் பணம் சேர்த்து உதவ, 1889இல் ஒக்ஸ்போர்ட் சென்று சொமர்வில்லில் சேர்ந்தார். 1892இல் விசேட அனுமதியுடன் அங்கு சிவில் சட்டப் பரீட்சைக்குத் தோற்றிய முதற் பெண்ணும் அவரே. சித்தியடைந்தும் பட்டம் கைக்கு வரவில்லை. அக்காலத்தில் ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை.

தாயகம் திரும்பியவர் 1897இல் பம்பாயிலும் 1899இல் அலகாபாத்திலும் மீண்டும் சட்டப் பரீட்சைகளில் சித்தியெய்தினார். ஆயினும் வழக்காட உரிமை கிடைக்கவில்லை.

அக்காலத்தில் பெருஞ்சொத்துக்கு உரிமையுள்ள விதவைகள் பலர் அந்நிய ஆடவர் முகம் பாராது பர்தாவினுள் வாழ்ந்தனர். வக்கீலும் ஆண், நீதிபதியும் ஆண், கணக்குப் பார்க்கும் காரியஸ்தரும் ஆண். தம் குறையை எவரிடம் சொல்வது? சொத்திருந்தும் சட்டத்தின் உதவி அவர்களுக்கு எட்டவில்லை. திரைக்கு அப்பால் சென்று அவர்களுடன் அமர்ந்து பேசக்கூடிய ஒரு சட்ட அறிஞர் வேண்டும் எனக் கொர்னேலியா அரசாங்கத்திடம் இடைவிடாது வாதிட்டார். 1904இல் வங்காளத்தில், வாரிசுகளின் சொத்துக்களைப் பராமரிக்கும் அரசாங்க சபையில் அப்பதவி அவருக்குக் கிடைத்தது. வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் எங்கும் பயணஞ்செய்து, இருபது ஆண்டுகளில் அறுநூறு வரையான பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவினார். சிலவேளை கட்டணமும் பெறவில்லை.

1922இல், முப்பது ஆண்டுகள் கழித்து, ஒக்ஸ்போர்ட் பட்டம் அவரை வந்தடைந்தது. 1923இல் இந்தியப் பெண்கள் சட்டத்தொழில் புரியச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு கல்கத்தாவில் தொழிலைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. அங்கும் ஆண்களின் தப்பெண்ணம் விடவில்லை. மன்றில் வாதாடுவதை விடச் சட்ட அபிப்பிராயம் எழுதும் வேலையே அவருக்கு மிகுதியாகக் கிடைத்தது. 1929இல் ஓய்வு பெற்று இலண்டன் சென்றார்.

அவர் பிரித்தானிய ஆட்சியை ஆதரித்தவர். காந்தியடிகளின் இயக்கத்தை ஏற்காதவர். அதனால் தாய்நாட்டார் பலரின் அன்பை இழந்தார். 1954ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி இலண்டனிற் காலமானார். 2012இல் அங்குள்ள லிங்கன்ஸ் இன் சட்டக்கழகத்தில் அவரது மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது.

அவர் கல்கத்தாவில் வழக்காடிய காலம் ஐந்தே ஆண்டுகள். அவருக்குப் பின் வந்த பெண்கள் அவ்வாறு காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை. சட்டத்துறை புகும் நம் தங்கையர் அவர் பெயரை அறிந்திருத்தல் நன்று.