முந்நூறு இராமாயணங்கள் கண்ட பேராசிரியர் ஏ. கே. இராமானுஜன்

1993ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில், அறுவை மருத்துவத்திற்கென அளிக்கப்பட்ட மயக்க மருந்தை உடல் ஏற்காமையால் பேராசிரியர் ஏ. கே. இராமானுஜன் காலமானார். அப்போது அவருக்கு வயது 64. ஆங்கிலப் பேராசிரியர், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதிய கவிஞர், சங்கப் பாடல்களை உலகறியச் செய்த மொழிபெயர்ப்பாளர், மொழியியல் அறிஞர், நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியவர் எனப் பல துறைகளிலும் ஒருங்கே விளங்கியவர் அவர். நண்பர்கள் அவரை ராமன் என்றே அன்புடன் அழைத்தனர்.

அவர் பிறப்பால் வைணவர். எனினும் ஜைன விழா மலர் ஒன்றில் அவரை நினைவுகூர்வதற்குத் தக்க காரணம் உண்டு. ஜைனர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த இராம கதையைத் திரிபு என்று ஒதுக்காமல், தனக்கென நெறியும் நிறைவும் உடைய கதையாக அவர் கற்றோர் அவையில் எடுத்துவைத்தார். அதன் பொருட்டு அவருடைய கட்டுரை ஒன்று, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று.

இராமானுஜன் 1929ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் மைசூரில், தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணசாமி மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வானியலில் தேர்ந்த அவர் வடமொழிப் புலமையும் சோதிடப் பயிற்சியும் உடையவர். மேல்நாட்டுக் கணித அறிஞர்களும் அவரைக் காண வருவர். பஞ்சாங்கத்துடன் உள்ளூர்ச் சோதிடர்களும் வருவர். அறிவியலில் புதிதாகப் பற்றுக்கொண்ட இளைஞராகிய மகனுக்கு இது பெரும் முரண்பாடாகத் தோன்றியது. வானியலும் சோதிடமும் ஒரே தலைக்குள் எவ்வாறு குடியிருக்கும் என்று தந்தையிடம் அவர் வினவினார். மூளைக்கு இரு பாதிகள் இருப்பது தெரியாதா என்பதே தந்தை அளித்த விடை. இளமையில் ஏற்க இயலாத அந்த விடையைப் பற்றி அவர் வாழ்நாள் முழுதும் எண்ணிவந்தார். இந்தியச் சிந்தனை முறையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரையும் அதிலிருந்தே கிளைத்தது.

அவ்வீட்டில் மொழிகளும் இடம் பிரித்துக்கொண்டு வாழ்ந்தன. கீழ்த்தளத்தில் அன்னையுடனும் பாட்டியுடனும் பேசுவது தமிழ். மாடியில் நூல்கள் சூழத் தந்தை அமர்ந்திருந்த அறையில் ஆங்கிலம். வாயிலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் கன்னடம். படியேறுவதும் இறங்குவதும் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்வதாயிற்று. பிற்காலத்தில் மொழிபெயர்ப்பையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவருக்கு அவ்வீட்டைவிடச் சிறந்த பள்ளி அமைந்திருக்க முடியாது.

மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று 1950இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதன்பின் கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா ஆகிய ஊர்களின் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தார். மதுரையில் அவர் இருந்த காலம் குறுகியதே. எனினும் வையை அவர் உள்ளத்தில் தங்கியது. 1966இல் வெளிவந்த அவருடைய முதல் ஆங்கிலக் கவிதைத் தொகுதியில் அந்த ஆற்றைப் பற்றிய கவிதை ஒன்று உண்டு. வெள்ளம் பெருகும் நாளில் மட்டுமே ஆற்றைப் பாடும் புலவர்கள், அவ்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட கருவுற்ற பெண்ணைப் பாடாமல் விட்டதை அக்கவிதை அமைதியாகச் சுட்டுகிறது. பழைய புலவர் விட்டதையே புதிய புலவரும் விட்டனர் என்பது அதன் வருத்தம். எல்லாரும் பாடியதைத் தாமும் பாடுவதில் அவருக்கு நாட்டம் இல்லை. பாடப்படாமல் விடுபட்ட உயிரின்மேல் அவர் பார்வை சென்றது. ஓருயிரையும் சிறிதெனக் கருதாத மரபில் வந்தோர்க்கு அப்பார்வை அயலானதன்று.

பெல்காமில் பணியாற்றிய நாட்களில் வகுப்பறையில் ஆங்கிலக் காவியங்களைக் கற்பித்துவிட்டு, ஊர்ப்புறத்து வீடுகளில் பாட்டிமார் சொல்லும் கதைகளைக் கேட்டு எழுதிவைத்தார். ஏட்டில் ஏறியதே இலக்கியம் என்று கற்றோர் பலர் கருதிய காலம் அது. அடுக்களையில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது சொல்லப்படும் கதையையும் காவியத்தோடு ஒப்ப வைத்து ஆராய வேண்டும் என்னும் துணிவை அக்கதைகளே அவருக்கு அளித்தன.

பின்னர்ப் பூனாவின் டெக்கான் கல்லூரியில் மொழியியல் பயின்று, 1959இல் அமெரிக்கா சென்றார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் கன்னட இலக்கணத்தை ஆராய்ந்து 1963இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணி அமைந்துவிட்டது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அங்கேயே ஆசிரியராக விளங்கினார்.

அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி 1962ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமையன்று, அப்பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் நேர்ந்தது. தமிழ் தாய்மொழியாயினும் பழந்தமிழை அவர் முறையாகக் கற்றதில்லை. அதற்கு எளிய இலக்கணநூல் ஒன்றைத் தேடி நிலவறைக்குள் இறங்கினார். அங்கே அவர் கைக்கு எட்டியது உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அடுக்குகளுக்கு இடையே தரையில் அமர்ந்து படிக்கத் தொடங்கினார். ஐயரின் தெளிந்த உரை வழிகாட்ட, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் அவர்முன் திறந்துகொண்டன. ஐந்தாண்டு உழைப்பின் பயனாக 1967இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தமிழ்ச் செவ்வியல் இலக்கியத்தை ஆங்கிலம் அறிந்த உலகம் கவிதையாகவே உணர்ந்து படித்தது அந்நூலின் வாயிலாகத்தான்.

அந்தக் குறுந்தொகைப் பதிப்பின் பின்னே ஜைனக் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தலைப்பட்டார். நூலின் சமயக் கருத்துகள் விளங்காமல் இடர்ப்பட்ட அவர், அவ்வூர் ஜைனர்களை நாடிச் சென்றார். அவர் சென்ற நாளில் அங்கே ஒரு வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோது, சிந்தாமணி படனம் நிறைவெய்தியதைக் கொண்டாடுவதாக அவர்கள் கூறினர். புலவர் உலகம் ஏறத்தாழ மறந்துவிட்ட காப்பியம் ஒன்று, அந்த வீட்டில் சமய நூலாக வாசிக்கப்பெற்றுப் பொருள் சொல்லப்பெற்று உயிரோடு இருந்தது. அவர்கள் தந்த விளக்கங்களின் துணையுடன் 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் காணப்பட்ட மேற்கோள்களின் தடம் பற்றியே ஐயர் சங்க நூல்களின் ஏடுகளைத் தேடிப் புறப்பட்டார். அத்தேடலின் நெடுவழியில் விளைந்த கனிகளுள் ஒன்று 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகை. கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் ஒலித்த படனத்திற்கும் சிகாகோ நூலக நிலவறைக்கும் இடையே இவ்வாறு ஓர் இழை ஓடுகிறது.

அதன்பின் இராமானுஜனின் மொழிபெயர்ப்புகள் தொடர்ந்து வந்தன. கன்னட வீரசைவ வசனங்கள் 1973இலும், அனந்தமூர்த்தியின் சம்ஸ்காரா புதினம் 1976இலும், நம்மாழ்வார் பாசுரங்கள் 1981இலும், எட்டுத்தொகை பத்துப்பாட்டிலிருந்து தேர்ந்த அகமும் புறமுமான பாடல்கள் 1985இலும் வெளிவந்தன. சைவம், வைணவம், சமயம் சாராத அகப்பாடல், பாட்டி சொன்ன கதை என எதனையும் அதனதன் நிலையில் நின்று கேட்பது அவர் இயல்பு. 1976இல் பத்மஸ்ரீ விருதும் 1983இல் அமெரிக்காவின் மக்ஆர்தர் நல்கையும் அவரைத் தேடி வந்தன.

1987இல் கருத்தரங்கு ஒன்றிற்காக அவர் எழுதிய கட்டுரை, 1991இல் நூலொன்றில் இடம்பெற்று வெளிவந்தது. அதுவே முந்நூறு இராமாயணங்கள் என்னும் கட்டுரை. இராமாயணத்தை ஆராய்ந்த காமில் புல்கே கணக்கிட்ட எண்ணிக்கையிலிருந்து அத்தலைப்பு அமைந்தது. ஒன்றே மூலம், ஏனையவெல்லாம் அதன் வேறுபாடுகள் என்று கொள்வதை இராமானுஜன் ஏற்கவில்லை. ஒவ்வொன்றையும் ஓர் எடுத்துரைப்பு என்றே குறித்தார். வான்மீகி, கம்பர், தாய்லாந்தின் இராமகீயன், கன்னட நாட்டுப்புறப் பாடல் ஆகியவற்றுடன் ஜைன இராமாயணத்தையும் சமமாக வைத்து, ஐந்து எடுத்துக்காட்டுகளால் தம் கருத்தை நிறுவினார்.

விமலசூரியின் பௌமசரியத்தை அவர் விளக்கும் பகுதி ஜைனர் நெஞ்சிற்கு நெருக்கமானது. சிரேணிக மன்னன் கௌதம கணதரரிடம் தன் ஐயங்களைக் கேட்பதில் அக்கதை தொடங்குகிறது. வலிமை மிக்க அரக்கர்களைக் குரங்குகள் வெல்வது எங்ஙனம்? உயர்குடிப் பிறந்த இராவணன் ஊன் உண்டான் என்பது பொருந்துமா? கும்பகருணன் காதில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றியும் விழிக்காமல் உறங்கினான் என்பது நம்பத்தக்கதா? கௌதமர் மெய்வரலாற்றை உரைக்கிறார். வானரரும் அரக்கரும் விலங்குகளோ கொடியரோ அல்லர், வித்யாதர மரபினர். இராவணனுக்குப் பத்துத் தலைகள் இல்லை. குழந்தைப் பருவத்தில் அணிந்த மாலையின் ஒன்பது மணிகளில் அவன் முகம் எதிரொளித்தமையால் தசமுகன் எனப் பெயர் பெற்றான். அவன் ஜினரை வழிபடுபவன், தவத்தால் வித்தைகள் பெற்றவன், ஆசையொன்றினால் வீழ்ந்தவன். 63 சலாகா புருஷர்களுள் இராமன் பலதேவன், இலக்குவன் வாசுதேவன், இராவணன் பிரதிவாசுதேவன். இராமன் இறுதிப் பிறவியில் இருப்பவன். கொல்லாமை காத்து வீடுபேறு அடைய வேண்டியவன். ஆதலின் இராவணனை வீழ்த்துபவன் இலக்குவனே.

ஸ்ரீபுராணம் பயின்ற தமிழ் ஜைனர்க்குச் சலாகா புருஷர் வரலாறு புதிதன்று. புதிது எதுவெனில், பிறர் அக்கதையைக் கேட்ட முறை. எதிரிக்கும் நியாயம் கேட்கும் அறநோக்கு, அறிவுக்குப் பொருந்துமாறு பொருள் காணும் வேட்கை, வினைக்கு ஏற்ற பயன் என்னும் கொள்கை ஆகியவை அக்கதையை எவ்வாறு உருவாக்கின என்பதை இராமானுஜன் உள்ளே நின்று விளக்கினார். ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று காண்பதே அநேகாந்தம் என்று பயின்றவர்கள், மூளையின் இரு பாதிகளைப் பற்றிய தந்தையின் விடை மகனிடத்தில் எத்துணை முதிர்ந்த கனியாயிற்று என்பதை எளிதில் உணர்வர்.

ஆயினும் எல்லாரும் அவ்வாறு உணரவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பாடத்தில் சேர்க்கப்பட்டிருந்த அக்கட்டுரை, நம்பிக்கையைப் புண்படுத்துவதாகக் கூறி 2008இல் கிளர்ச்சி எழுந்தது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஆராய்ந்த வல்லுநர் குழுவில் பெரும்பாலோர் அதனைக் கற்பிக்கலாம் என்றே கருதினர். எனினும் 2011ஆம் ஆண்டு அக்டோபரில் கல்விக்குழு அதனைப் பாடத்திலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டது ஒருவர் எழுதிய கட்டுரை மட்டுமன்று. அதனுள் இருந்த கம்பரும், தாய்லாந்து நாட்டவரும், நாட்டுப்புறப் பெண்டிரும், விமலசூரியும் அதனுடன் சேர்ந்தே வகுப்பறையை விட்டு வெளியேறினர். விடைசொல்ல ஆசிரியர் உயிருடன் இல்லை. ஆனால் அவருடைய நூல்கள் இருந்தன. தடைக்குப் பின்னர் அக்கட்டுரையைத் தேடிப் படித்தோர் பெருகினர். அவர் மறைவுக்குப்பின் தொகுக்கப்பெற்ற ஆங்கிலக் கவிதைகளுக்கு 1999ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆசியவியல் அறிஞர்களின் அமெரிக்கச் சங்கம் அவர் பெயரால் மொழிபெயர்ப்பு விருதொன்றை நிறுவியுள்ளது.

அவர் திரட்டிய கன்னடக் கதைகளுள் ஒன்று இது. ஒரு பெண்ணுக்குக் கதை ஒன்றும் பாட்டு ஒன்றும் தெரியும். அவள் அவற்றை யாருக்கும் சொல்லவில்லை. அடைபட்டு மூச்சு முட்டிய அவை ஒருநாள் அவள் உறங்கும்போது வெளியேறின. கதை மிதியடியாகவும் பாட்டு மேற்சட்டையாகவும் உருக்கொண்டன. யாருடையவை என்று கணவன் ஐயுற்றான். வீட்டில் பூசல் மூண்டது. சொல்லப்படாத கதை, வைத்திருப்பவரையே வருத்தும் என்பது அதன் கருத்து. இராமானுஜன் இக்கதையைப் பெரிதும் போற்றினார்.

கும்பகோணத்து ஜைனர்கள் தம் காப்பியத்தைப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. கூடத்தில் அமர்ந்து வாசித்தனர். கேட்க வந்த வேற்றுச் சமயத்தவர்க்கும் பொருள் கூறினர். அதனால் ஒரு நூல் பிழைத்தது. அதன் வழியே பல நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று கடல் கடந்து ஒரு கவிஞரைத் தமிழுக்கு மீட்டுத் தந்தது. அக்கவிஞர் தம் பங்கிற்கு ஜைனரின் கதையை உலகத்திற்கு எடுத்துச் சொல்லிவிட்டுச் சென்றார். இல்லந்தோறும் ஸ்ரீபுராணத்தின் ஏடு திறக்கப்படும்போதும், பேரப்பிள்ளைக்குப் பாட்டி நவமணி மாலையின் கதையைச் சொல்லும்போதும் அப்பணி தொடர்கிறது.