மணியடித்துச் சிறுவரைச் சேர்த்த சவேரியார்

பள்ளி விடுமுறை வந்ததும் நம் பங்குகளில் ஒரு பேச்சு எழும். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி முகாம் நடத்த வேண்டும்; யார் நடத்துவது? குருவானவருக்கு ஐந்தாறு கிராமங்கள். அருட்சகோதரிகள் இருவரோ மூவரோதான். இளைஞர்களைக் கேட்டால், எங்களுக்கு என்ன தெரியும் என்று ஒதுங்குகிறார்கள். தலைமன்னார் முதல் அரிப்பு வரை இந்தக் குறை உண்டு. இதே குறையோடு ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் நம் கடலின் அக்கரையில் நின்ற ஒருவரின் வாழ்வை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் புனித பிரான்சிஸ் சவேரியார்.

1506 ஏப்ரல் 7-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் வடக்கே, நவார் அரசைச் சேர்ந்த சவேரியார் கோட்டையில் அவர் பிறந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்றார், கற்பித்தார். அங்கே புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவர் வாழ்வைத் திருப்பியது. 1534-இல் மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று மொன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்த ஏழு தோழர்களுள் அவரும் ஒருவர். 1537-இல் குருவானார். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6-ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார்.

கோவாவின் தெருக்களில் அவர் கையில் ஒரு மணியோடு நடந்தார். மணியோசை கேட்டு ஓடிவந்த பிள்ளைகளைக் கோவிலுக்குக் கூட்டிச் சென்று செபங்களைக் கற்பித்தார். பாரிஸ் நகரின் பேராசிரியர் ஒருவர் இப்படித்தான் தம் இந்தியப் பணியைத் தொடங்கினார்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்குப் போதிக்க ஆளில்லை, செபங்கூடத் தெரியாது. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. எனினும் அவர் திரும்பிப் போய்விடவில்லை. கோவாவிலிருந்து அவரோடு வந்த அந்நாட்டு இளைஞர் மூவரையும், இருமொழியும் ஓரளவு அறிந்த வேறு சிலரையும் கூட்டி அமர்ந்தார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், அருள்நிறைந்த மரியே ஆகியவற்றை மிகுந்த சிரமத்தோடு தமிழாக்கி, முதலில் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு மணியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். நாளுக்கு இருமுறை வகுப்பு. ஒரு மாதம் ஒரே ஊரில்.

வாசகரே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கரையோரம் பல ஊர்கள், அவரோ ஒருவர். திருமுழுக்குக் கொடுத்துக் கை சோர்ந்தது. செபம் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மியது. கட்டளைச் செபம் சொல்லவோ, உண்ணவோ, உறங்கவோ விடாமல் சிறுவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, இன்னும் செபம் சொல்லித் தரும்படி நச்சரித்தார்கள். எல்லாவற்றையும் தாமே செய்ய முடியாது என்பதை விரைவில் கண்டுகொண்ட அவர், நான்கு ஏற்பாடுகளைச் செய்தார்.

முதலாவது, கற்ற பிள்ளைகளையே ஆசிரியராக்கினார். இங்கே படித்ததை வீட்டில் தாய் தந்தையருக்கும் அயலவருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். நோயாளர் வீடுகளுக்குத் தம்மால் போக முடியாதபோது, செபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, நோயாளியின் அருகே நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லிச் செபித்தார்கள்.

இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் எழுத்துப் படி ஒன்றை விட்டுச் சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுக்க வேண்டும்; மனப்பாடம் செய்ய வேண்டும்; நாள்தோறும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். பிள்ளைகளுக்குப் போதிப்பதும், அவசர வேளையில் திருமுழுக்குக் கொடுப்பதும், கோவில் காரியங்களைக் கவனிப்பதும் இவர்கள் பொறுப்பு. நம் ஊர்களில் உபதேசியார் என்றும் அண்ணாவியார் என்றும் நாம் மதிப்போடு அழைப்பவர்களின் முன்னோடிகள் என்று இவர்களைச் சொல்லலாம். இவர்களை வெறுங்கையோடு வேலை வாங்கவில்லை சவேரியார். முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கெனப் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை இவர்களுடைய சம்பளத்துக்காகப் பெற்றுத் தந்தார்.

நான்காவது, நியமித்தபின் மறந்துவிடவில்லை. 1544-இல் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு அவர் அடுத்தடுத்து எழுதிய கடிதங்களில், மக்களிடம் பொறுமையோடும் அன்போடும் நடக்கும்படியும், பிள்ளைகளின் படிப்பில் கண்ணாயிருக்கும்படியும் திரும்பத் திரும்ப நினைவூட்டினார். அந்த ஆண்டு ஜூன் மாதம் வடுகப் படையினர் குமரிமுனைக் கரையைச் சூறையாடியபோது, பசியோடு கடற்பாறைகளில் ஒதுங்கிய மக்களுக்கு உதவ 20 தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளைத் தடுத்தது. பின்னர் தரைவழியாகவே அவர்களைப் போய்ப் பார்த்தார். செபம் கற்பித்தவர் துன்பத்திலும் வந்தார் என்பதை மக்கள் கண்டார்கள்.

இந்தச் செய்தி கடலைக் கடந்தது. 1544-இல் மன்னார் மக்கள் தங்களிடமும் வரும்படி சவேரியாரை அழைத்தார்கள். அவரால் வர இயலவில்லை. தமக்குப் பதிலாகக் குரு ஒருவரை அனுப்பினார். அவர் போதித்துத் திருமுழுக்கு அளித்தவர்களுள் 600 பேர் அளவில், அதே ஆண்டு யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். போர்த்துக்கீசரின் கை தன் நாட்டில் ஓங்கிவிடும் என்ற அச்சமும் மன்னனுக்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர் கருதுவர். தோட்டவெளியில் நாம் வணங்கி நிற்கும் நம் வேதசாட்சிகள் இவர்களே. அவர்கள் கற்க வாய்த்த காலம் எவ்வளவு? ஆண்டுக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில்தான். குறுகிய நாட்களில் என்ன கற்பித்துவிட முடியும் என்று கேட்கும் எவரும் மன்னாரில் நின்றுகொண்டு அப்படிக் கேட்கலாமா?

சவேரியாரின் முறையிலும் குறை இருந்தது. முதல் தமிழாக்கத்தில் பிழைகள் இருந்தன. அவர் அதை ஒரு முடிந்த வேலையாகக் கொள்ளவில்லை. பின்வந்த என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்றுத் திருத்தினார். மன்னாரிலும் பணி செய்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 16 பக்கச் சிறுநூலாகிய தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூலாகும். 1548 பெப்ரவரியில் மணப்பாட்டில் சவேரியார் தம் சகோதரர்களுக்கு எழுதிக் கொடுத்த அறிவுரைகளிலும் பிள்ளைகளின் போதனை முக்கிய இடம் பெற்றது. 1549-இல் யப்பான் சென்றார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் இறந்தார். 1622-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

வாசகரே, உங்கள் பங்கில் அடுத்த விடுமுறைக்கு முன் இவ்வாறு செய்து பாருங்கள். வகுப்புக்கு ஒரு மணி நேரத்தைக் குறித்து, கோவில் மணியை அந்த நேரத்துக்குத் தவறாமல் அடியுங்கள். உயர்தரம் எழுதிய பிள்ளைகளைச் சிறுவருக்கு அண்ணனாக, அக்காவாக நிறுத்துங்கள். என்ன கற்பிப்பது என்பதை ஒரு கொப்பியில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் தயக்கம் பாதி தீரும். வங்காலையிலிருந்தோ பேசாலையிலிருந்தோ பஸ்ஸேறி வருபவருக்கு வழிச்செலவும் மதியச் சோறும் பங்கு பொறுப்பேற்கட்டும். விடுமுறை முடிந்த பின்னும் அந்தத் தொண்டர்களை மாதம் ஒருமுறை கூட்டி விசாரியுங்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத நாளிலும், வீட்டில் நோய் வந்த நாளிலும் அந்தப் பிள்ளையின் வாசலில் முதலில் நிற்பவர் அந்தத் தொண்டராக இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்று இருந்தால், அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் பங்குத் தந்தையிடம் கூட்டிச் செல்லுங்கள். எனக்கு என்ன தெரியும் என்று அது கேட்டால், தமிழே தெரியாமல் மணியோடு தெருவில் இறங்கியவரின் கதையைச் சொல்லுங்கள்.