பொதிகை உச்சியில் காந்த ஊசி: திருவிதாங்கூர் வானாய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் பிரவுன்

பொன்முடி: திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பொன்முடியில் நின்று பார்த்தால், தென்கிழக்கே அடுக்கடுக்காக விரிகிறது மேற்குத் தொடர்ச்சி மலை. தமிழர்கள் பொதிகை எனப் போற்றும் அகத்தியர் மலை அந்த வரிசையில்தான் உள்ளது. சுமார் 6,200 அடி உயரமுள்ள அதன் உச்சியில், 1855-ஆம் ஆண்டு பூமியின் காந்தப் புலத்தை அளக்க ஓர் ஆய்வகம் எழுந்தது. அதை அமைத்தவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் ஆலன் பிரவுன். செலவை ஏற்றது கிழக்கிந்திய கம்பெனி அல்ல, திருவிதாங்கூர் சமஸ்தானம்.

1817-இல் டம்ஃப்ரீஸ் நகரில் பிறந்த பிரவுன், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக இருந்து ஓய்வு பெற்ற தாமஸ் பிரிஸ்பேன், மேக்கர்ஸ்டன் என்ற ஊரில் சொந்தச் செலவில் காந்த ஆய்வகம் ஒன்றை நடத்தி வந்தார். 1842-இல் அதன் பொறுப்பை ஏற்ற பிரவுன், அங்கே திரட்டிய அளவீடுகளால் ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தைப் பெற்றார்.

இதற்கிடையே திருவனந்தபுரத்தில் 1837-இலேயே வானாய்வகம் தொடங்கப்பட்டிருந்தது. இசை மேதையாக மட்டுமே பெரும்பாலோர் அறிந்துள்ள மன்னர் சுவாதித் திருநாளின் முயற்சி அது. அதன் முதல் இயக்குநரான ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வணிக முகவராக இருந்தவர். அவர் 1849-இல் காலமானார். காலியான அந்தப் பதவிக்கு நியமிக்கப்பட்ட பிரவுன், 1852 ஜனவரியில் பொறுப்பேற்றார். அப்போது அரியணையில் இருந்தவர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா.

காந்த ஊசி சரியாக வடக்கு நோக்கி நிற்பதில்லை. அது விலகி நிற்கும் கோணத்துக்குக் காந்த ஒதுக்கம் என்று பெயர். அந்தக் கோணமும் நாள்தோறும், மணிதோறும் மிகச் சிறிய அளவில் மாறிக்கொண்டே இருக்கிறது. மாற்றத்தின் காரணத்தை அறிய வேண்டுமானால், இரும்பின் வாடை படாத அறையில் இரவு பகலாக ஊசியைக் கண்காணித்துக் குறித்தாக வேண்டும். காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் அமைந்திருந்ததால், திருவனந்தபுரம் இதற்குப் பொருத்தமான இடமாயிற்று.

உயரம் கூடினால் ஊசியின் போக்கு மாறுமா என்பது பிரவுனின் அடுத்த கேள்வி. அதற்காகவே அகத்தியர் மலை ஆய்வகம். காட்டு விலங்குகள் நடமாடும் வனத்தில், மழையிலும் கடுங்காற்றிலும் கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் தலைச்சுமையாக மேலே கொண்டுசென்றவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். நகரத்திலும் மலையிலும் கருவிகளைப் பார்த்து அளவுகளை எழுதியவர்களும் சமஸ்தானத்து உதவியாளர்களே. அறிவியல் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இவர்களைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

இந்த எண்களை மற்ற நாடுகளின் அளவீடுகளுடன் ஒப்பிட்ட பிரவுன், முக்கியமான முடிவுகளுக்கு வந்தார். காந்தப் புலத்தின் கிடைவிசை நாளுக்கு நாள் கூடுவதும் குறைவதும் ஓர் ஊரின் தனி நிகழ்வல்ல. உலகெங்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழ்கிறது. சுமார் 26 நாள்களுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஏற்ற இறக்கத்தைக் கண்டு, அதைச் சூரியன் தன்னைத்தானே சுற்றுவதுடன் இணைத்தார். நிலவின் தாக்கத்தையும் விரிவாக ஆராய்ந்தார். ஆனால் சூரியனிலிருந்து பூமிக்கு வந்து சேர்வது எது என்பது அன்று யாருக்கும் தெரியாது. சூரியக் காற்று விண்கலத்தால் உறுதி செய்யப்பட்டது 1962-இல்தான்.

ஆய்வகத்துக்கு வெளியிலும் அவர் தடம் பதித்தார். 1857-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் அவரே. பின்னர் 1880-இல் எழுந்த புதிய கட்டடத்துக்கு வைக்கப்பட்டதோ சென்னை மாகாண ஆளுநர் நேப்பியரின் பெயர்.

1865-இல் பிரவுன் ஐரோப்பா திரும்பினார். ஆய்வகப் பணியும் சுருக்கப்பட்டது. வானில் கண்ட எதையும் விற்கவோ வரியாக்கவோ முடியாத ஒரு துறைக்குச் சிறிய அரசு ஒன்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் செலவழித்ததே பெரிது என்று சொல்லலாம். ஆனால், திரட்டிய எண்கள் கணக்கிடப்பட்டு அச்சேறாவிட்டால் அவ்வளவும் வீணாகிவிடும் என்பதைப் பிரவுன் உணர்ந்திருந்தார். லோசான், ஸ்டட்கார்ட், லண்டன் என இடம் மாறி வாழ்ந்த எஞ்சிய 14 ஆண்டுகளின் பெரும்பகுதியை இந்தக் கணக்குகளுக்கே கொடுத்தார்.

காந்த ஒதுக்க அளவீடுகள் அடங்கிய முதல் தொகுதி 1874-இல் லண்டனில் வெளியானது. ராயல் சொசைட்டி 1878-இல் அவருக்கு ராயல் பதக்கம் வழங்கியது. 1879 நவம்பரில் லண்டனில் அவர் காலமானார். மேல் வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டமே ஊசியின் அன்றாட அசைவுக்குக் காரணம் என்ற கருத்தை பால்ஃபர் ஸ்டூவர்ட் முன்வைத்தது 1882-இல். அந்த மின்னோட்டத்தை ஆராய ஏற்ற இடம் என்பதாலேயே, காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய தும்பா பின்னாளில் ராக்கெட் ஏவுதளமாகத் தேர்வு பெற்றது. அங்கிருந்து 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் சீறிப் பாய்ந்தது.

பிரவுனின் தொகுதியில் உள்ள அளவீடுகள் அவர் ஊர் திரும்பிய 1865-உடன் நின்றுவிடவில்லை. 1869 வரை நீள்கின்றன. அந்தக் கடைசி ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் ஊசியைப் பார்த்து எழுதியவர்கள் சமஸ்தானத்து உதவியாளர்கள்.