கைத்தடி செய்துகொடுத்த தந்தை

1812ஆம் ஆண்டு, பிரான்சின் கூப்வ்ரே கிராமத்தில், தந்தையின் சேணம் தைக்கும் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயது லூயி பிரெயிலின் கண்ணில் குத்தூசி பாய்ந்தது. நோய்த்தொற்று மறு கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதிற்குள் பார்வை முழுவதும் போனது.

தன் பட்டறையிலேயே நேர்ந்த விபத்து. வேறொரு தந்தையாக இருந்தால் பிள்ளையை வாசற்படி தாண்ட விட்டிருப்பாரா? பாசம் என்ற பெயரில் நாற்பது வயதுவரை வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. 'எனக்குப்பின் இவனை யார் பார்ப்பது' என்று கலங்கும் பெற்றோரும் அவர்களே.

சிமோன் ரெனே பிரெயில் மகனுக்குக் கைத்தடி செய்துகொடுத்து ஊருக்குள் நடக்கவிட்டார். பங்குத்தந்தை பாடம் சொல்லிக்கொடுத்தார். 1819இல், பத்து வயதில், பாரிஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். புள்ளி எழுத்து அங்கேதான் உருவானது.

1831இல் தந்தை இறந்தார். 1833இல் லூயி அதே பள்ளியில் முழு ஆசிரியரானார். பாரிஸ் ஆலயத்தில் ஆர்கனும் வாசித்தார்.