உதைபந்தாட்ட வீரர் ஜோன் வைற்

ஸ்கொத்லாந்து தேசத்து மஸல்பரோ என்னும் ஊரில் 1937ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோன் வைற். மெலிந்த உடலினரென ஐயுற்றோர் பலர். அலோவா, போல்கேர்க் கழகங்களில் ஆடி, 1959இல் இலண்டன் ரொட்டன்ஹாம் கழகத்தைச் சேர்ந்தார். பந்து தம்மிடம் இல்லாதபோதும் ஓயாது ஓடி, எதிரணியினர் காணா வண்ணம் வெற்றிடத்திற் புகுவதே அவர்தம் திறம்; அதனால் ஆவி என்னும் பட்டப்பெயர் பெற்றார்.

1961இல் அக்கழகம் லீக் வெற்றியையும் எவ். ஏ. கிண்ணத்தையும் ஒருங்கே ஈட்டியது; அந்நூற்றாண்டில் அதனை முதலிற் சாதித்த கழகம் அதுவே. 1963இல் ரொட்டர்டாம் நகரில் அத்லெற்றிக்கோ மட்ரிட் அணியை 5–1 என வென்று ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றைக் கைக்கொண்டபோது, ஒரு கோல் அவருடையது. தாய்நாட்டுக்காக 22 முறை ஆடினார்.

1964 யூலை 21ஆம் நாள், கொல்வ் மைதானத்தில் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கி நின்றவரை இடி வீழ்த்தியது. அப்போது வயது 27. பந்தைத் தமக்கென நாடாது தோழர்க்கு வழி திறந்த அப்பண்பினையே நாம் நம் மாணவர்க்கு எடுத்துரைப்போம்.